பலகையில் ஒரு பூஜ்ஜியம்

‘லயனல் - 11’ என்று எழுதிவிட்டுச் சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் வெளிநாட்டு மேனேஜர் மொரிகாவா ஐயா, எங்கள் பேச்சில் மொரிகாவா மாத்தயா, அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, குனிந்து, “காலை வணக்கம்” என்றார். மூன்று வருடமாக வாரத்துக்கு நான்கு நாளாவது எழுதி எழுதி என் கையெழுத்து மணிமணியாக ஆகிவிட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிரம்பால் ஆகாத காரியம்.

எங்கள் பீங்கான் தொழிற்சாலையின் வாசலுக்குள் நுழைந்ததும் அந்தக் கரும்பலகை இருக்கும். ஏழு மணிக்குப் பிறகு வருகிறவர்கள் தங்கள் பெயரையும், எத்தனை நிமிடம் தாமதம் என்பதையும் தங்கள் கையாலேயே எழுத வேண்டும். அபராதம் கிடையாது, திட்டு கிடையாது. திட்டினாலாவது பதிலுக்கு முனகலாம். இவர் சாக்பீஸ் பெட்டியைக் கோயில் பூத்தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வணக்கம். மாலையில் பெயர்களை எண்ணி, மொத்தத்தை வலது மூலையில் எழுதி, கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானே அழித்துவிட்டுப் போவார். நாங்கள் அறுபத்தொரு பேர். மூலை எண் ஒன்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. பூஜ்ஜியம் எப்படி இருக்கும் என்பதை அந்தப் பலகை அறியாது.

என் வீடு தொழிற்சாலையிலிருந்து பத்து நிமிட நடை. அதுதான் என் கெட்ட காலம். தூரத்திலிருந்து வருகிறவனுக்கு பஸ் போய்விடுமே என்ற பயம் இருக்கும். எனக்கு எது போய்விடும்? ஆறே முக்காலுக்கு டீயைக் கையில் எடுத்தால், தொழிற்சாலைப் புகைக்கூண்டு ஜன்னல் வழியே தெரியும். தெரிகிற இடத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது என்று தோன்றும். சூளைப் பகுதி சூப்பர்வைசர் நான். என் கீழே வேலை செய்கிறவர்கள், “லயனல் அண்ணன் இன்னும் வரலையா? அப்ப நாம சீக்கிரம் வந்துட்டோம்” என்று என்னை வைத்துத்தான் மணி பார்ப்பார்கள்.

மொரிகாவா மாத்தயா வந்த புதிதில் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். பன்னிரண்டு மணிக்கு வாருங்கள் என்றேன். எங்கள் ஊரில் பன்னிரண்டு மணி என்றால், பன்னிரண்டுக்கு விருந்தாளி தன் வீட்டில் குளிக்கப் போவார் என்று அர்த்தம். அவர் பதினொன்று ஐம்பதுக்கு வந்து, வேலிக்கு வெளியே வெயிலில் நின்று, சரியாகப் பன்னிரண்டுக்குக் கூப்பிட்டார். என் மனைவி குசுமாவதி அப்போது கிணற்றடியில் குளியல் துணியோடு, தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கோழி உயிரோடு இருந்தது. அவர் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். குசுமாவதி மூன்று வருடமாகியும் மன்னிக்கவில்லை. “சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கிறாரே, என்ன மனுசனோ!” என்பாள்.

புதுவருடத்துக்கு முன்பு, ஏப்ரல் பத்தாம் தேதி, அவர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். அந்த மாதக் கடைசியில் அவர் ஊருக்கே திரும்பிப் போகப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய சிங்களம் புத்தகம் வைத்துப் படித்தது. பாடநூலே எழுந்து வந்து பேசுவது மாதிரி இருக்கும். எதிரில் உட்கார்ந்தால் நமக்கே நம் பேச்சு கொஞ்சம் அழுக்காகத் தெரியும்.

“லயனல் அவர்களே, கம்பெனியிடம் ஒரு புதிய சூளை இருக்கிறது. இங்கே வரலாம், அல்லது வியட்நாமுக்குப் போகலாம். இருபதாம் தேதி நான் அறிக்கை அனுப்ப வேண்டும். தரம் நன்று என்று எழுதிவிட்டேன். கைத்திறன் மிக நன்று என்று எழுதிவிட்டேன். நேரம் என்ற இடத்தில் நான் என்ன எழுதுவேன்?”

“எழுதாம விட்டுடலாமே மாத்தயா.”

“அங்கே ஒரு கட்டம் இருக்கிறது. கட்டம் காலியாக இருக்கக் கூடாது.”

ஜன்னலுக்கு வெளியே அந்தக் காலி மனை தெரிந்தது. இரண்டாவது சூளைக்கென்று இரண்டு வருடம் முன்பே மட்டம் தட்டிப் போட்டது. இப்போது அதில் யாருடையதோ ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. சூளை வந்தால் நாற்பது பேருக்கு வேலை. எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நாற்பது பேரில் என் மகள் துலாஞ்சலியும் ஒருத்தி. கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். ஒரே அறையில் ஐந்து பெண்கள். மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவாள். வந்த முதல் நாள் முழுக்கத் தூங்குவாள், மறுநாள் பையைக் கட்டுவாள். பலகைக்குப் பூத் தீட்டுவதில் அவள் கை என் கையைவிட நல்ல கை. பலகை என்றால் அந்தக் கரும்பலகை இல்லை, சுவரில் பதிக்கிற பீங்கான் பலகை.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. ரோஷம் என்பது எனக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஜுரம் மாதிரி வரும்.

“மாத்தயா, நீங்க ஒரு தடவையாவது ஏப்ரல்ல இங்க இருந்திருக்கீங்களா? லீவு விட்டதும் ஊருக்குப் பறந்துடுறீங்க. எங்களுக்கு நேரம் தெரியாதுன்னு நெனைக்கிறீங்க. எங்களுக்குத் தெரியிற நேரம் வேற யாருக்கும் தெரியாது. இருபதாம் தேதி தொழிற்சாலை தொறக்குதில்ல? அன்னைக்குப் பலகையில பூஜ்ஜியம் போட்டுக் காட்டுறேன்.”

அவர் டயரியைத் திறந்து, இருபதாம் தேதிப் பக்கத்தில், ‘லயனல்: பூஜ்ஜியம்’ என்று எழுதிக்கொண்டார். மனிதர் சொன்னதை எழுதி வைத்துக்கொள்வார் என்பதை மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குசுமாவதியிடம் சொன்னேன். மடிமேல் பலகார மாவுச் சட்டி இருந்தது. அப்படியே எழுந்து சுவரில் ஒட்டியிருந்த சுபநேரச் சீட்டுக்கு முன்னால் போய் நின்றாள். புதுவருடத்துக்கு எப்போது அடுப்பு மூட்டுவது, எப்போது முதல் கவளம், எப்போது தலைக்கு எண்ணெய், எல்லாம் நிமிடக் கணக்கில் அதில் இருக்கும். விரலை வைத்துக்கொண்டே கடைசி வரிக்கு இறங்கினாள்.

“தொழிலுக்குப் புறப்படுதல். ஏப்ரல் இருபது, காலை ஆறு நாற்பத்து நாலு. வெளிர்மஞ்சள் உடுத்தி, நெய் சேர்த்த பாற்சோறு சாப்பிட்டு, வடக்குப் பார்த்துக் கெளம்பணும்.” திரும்பி என்னைப் பார்த்தாள். “எந்தத் தேதின்னு சொல்லிட்டு வந்தீங்க?”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆறு நாற்பத்து நான்குக்கு முன்னால் எங்கள் ஆட்களில் ஒருவரும் வாசற்படி தாண்ட மாட்டார்கள். துப்பாக்கியைக் காட்டினாலும் தாண்ட மாட்டார்கள். ஒரு நிமிடம் பிந்தவும் மாட்டார்கள். சரியாக ஆறு நாற்பத்து நான்குக்கு அறுபத்தொரு வலது கால் அறுபத்தொரு வாசலைத் தாண்டும். பிறகு? பதினாறு நிமிடத்துக்குள் தொழிற்சாலைக்கு வந்து சேரக்கூடிய வீடுகள் பதினொன்று. மற்ற ஐம்பது பேர் பஸ்ஸிலும் சைக்கிளிலும் ஏழரை வரைக்கும் வந்துகொண்டே இருப்பார்கள். புறப்படுவதில் உலகத்தில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை. போய்ச் சேருவதைப் பற்றித்தான் சீட்டில் ஒரு வரியும் இல்லை. இத்தனை நாளும் ஒன்பதும் பன்னிரண்டுமாக இருந்த பலகையில் நான் ஐம்பது போட்டுக் காட்டப்போகிறேன்.

“போய் வேற நாள் கேளுங்க” என்றாள்.

“எழுதிக்கிட்டாரு குசுமா.”

“ரப்பர் இல்லையா அவர்கிட்ட?”

பதினான்காம் தேதி வந்தது. அந்த வருடம் அடுப்பு மூட்டும் நேரம் காலை எட்டு பதினேழு. அதற்கு முந்தைய சில மணி நேரம் ஒன்றும் செய்யக் கூடாது. அடுப்பில் சாம்பல்கூட இருக்காது. துலாஞ்சலி முந்தின நாளே வந்திருந்தாள். புதுப் பானையில் பாலை ஊற்றி, குசுமாவதி தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ரேடியோவைப் பார்த்தபடி குந்தியிருந்தாள். ஊரே சத்தமில்லாமல் இருந்தது. முள்முருங்கை மரத்துக் குயில் மட்டும் சீட்டு படிக்காமல் கத்திக்கொண்டிருந்தது. எட்டு பதினேழு. குச்சி உரசிய அதே நொடியில் வெளியே பட்டாசு வெடித்தது. பக்கத்து வீட்டில், அடுத்த தெருவில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், கோயில் மேட்டுக்குப் பின்னால், எங்கே என்று சொல்ல முடியாத தூரத்தில். பக்கத்து வீட்டு முற்றத்தில் பெரிய ரபான் மேளத்தைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் தட்டத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் கேட்கிற சத்தம்தான். ஆனாலும் அந்த ஒரு நிமிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். தீவு முழுக்க, கடலோரத்திலிருந்து மலை உச்சி வரை, ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே குச்சியால் கொளுத்துகிற மாதிரி. பால் பொங்கி வழிந்தது. எந்தப் பக்கம் வழிந்தது என்று குசுமாவதி பார்த்தாள். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நான் வெளியே வந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மொரிகாவா மாத்தயா வந்தார். அழைக்காமல் வந்தார், ஆனாலும் சரியாகப் பன்னிரண்டுக்கு. கையில் ஒரு மிட்டாய்ப் பெட்டி. குசுமாவதி பதினொன்றிலிருந்தே புதுப்புடவையில் தயாராக இருந்தாள். “இந்த மனுசனை நம்ப முடியாது” என்று சொல்லியிருந்தாள்.

கொக்கிஸ் பலகாரத்தைக் கடித்துவிட்டு அவர் கேட்டார். “இன்று காலை நான் மலைமேல் உள்ள என் பங்களா வாசலில் நின்றேன். எட்டு பதினேழுக்கு, கீழே எல்லா ஊர்களிலும் வெடி வெடித்தது. பிறகு எல்லாக் கூரைகளிலிருந்தும் புகை எழுந்தது. ஒரே நேரத்தில். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் மணி அடித்தார்கள்?”

“யாரும் அடிக்கல மாத்தயா.”

“சைரன்?”

“இல்ல.”

“பிந்தியவர்கள் பெயரை யார் எழுதுகிறார்கள்?”

“யாரும் பிந்த மாட்டாங்களே” என்றாள் துலாஞ்சலி. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் மகள் சொல்லிக் கேட்டபோது எனக்குச் சட்டைப் பித்தான் இறுகியது. உலகத்துக்கே மணி சொல்லிக் கொடுத்தவனின் மகன் போல உட்கார்ந்து, அவருக்கு இன்னொரு கொக்கிஸ் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் எழுந்து சுவரில் இருந்த சீட்டுக்கு முன்னால் போய் நின்றார். ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தார். கடைசி வரியில் வெகுநேரம் நின்றார். பிறகு, “வடக்கு என்பது அந்தத் திசை, அல்லவா?” என்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். கணக்குப் போட்டுவிட்டார் என்று புரிந்தது. ஆறு நாற்பத்து நான்கு, அறுபத்தொரு பேர், பஸ் நேரம், எல்லாம் அந்தத் தலைக்குள் அடுக்கப்பட்டுவிட்டது. போகும்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இருந்ததா, பரிதாபம் இருந்ததா என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

வழி சொன்னது குசுமாவதிதான். மறுநாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போது, சும்மா பேச்சுவாக்கில்.

“வேலைக்குத்தானே அதுக்கு முன்னாடி கெளம்பக் கூடாது? புதுவருசத்துக்குச் சொந்தபந்தம் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு எந்தச் சீட்டுல போட்டிருக்கு?”

“அப்படின்னா?”

“எல்லாரும் விடியக்காலம் நம்ம வீட்டுக்கு விருந்து வரட்டும். நான் பாற்சோறு போடுறேன். வேலைக்கு இங்கேருந்து கெளம்புங்க. இங்கேருந்து வடக்கேதானே உங்க தொழிற்சாலை?”

நான் அவள் முகத்தையே பார்த்தேன். எண்ணெய் என் நெற்றியில் வழிந்தது.

“அறுபது பேருக்குப் பாற்சோறு குசுமா.”

“அதை எனக்குச் சொல்றீங்களா, உங்களுக்குச் சொல்லிக்கிறீங்களா?”

அடுத்த நான்கு நாளும் போனில் அழைப்பதே வேலையாக இருந்தது. எல்லோருக்கும் சூளை விஷயத்தைச் சொன்னேன். பலர் வீட்டிலும் அந்த நாற்பதில் ஒரு ஆள் இருந்தது. மெருகுப் பகுதி லொகு மெனிக்கேயை அழைத்தபோதுதான் எனக்கு மறுபடி பயம் வந்தது. பலகையில் எனக்கு அடுத்தபடியாக அதிகம் எழுதியவள் அவள்தான்.

“நல்ல யோசனைண்ணே. எத்தனை மணிக்கு வரணும்?”

“அஞ்சரைக்கு.”

“அஞ்சரைன்னு சொல்றீங்கன்னா நெசமா ஆறு. அப்ப நான் ஆறேகாலுக்குக் கெளம்பினாப் போதும்.”

“மெனிக்கே, நெசமா அஞ்சரை!”

“சரிண்ணே, கத்தாதீங்க. ஆறரைக்குள்ள வந்துடுறேன்.”

பத்தொன்பதாம் தேதி மாலை இன்னொரு சங்கடம் முளைத்தது. எங்கள் வாசல் கிழக்கே பார்த்தது. வடக்குப் பக்கம் சமையலறைக் கதவு ஒன்றுதான். அதில் ஒரு நேரத்தில் ஒரு ஆள் போகலாம், குசுமாவதியின் அண்ணன் என்றால் பக்கவாட்டில் போகலாம். சுபநேரத்தில் அறுபத்தொரு பேர் அந்தக் கதவு வழியாக வரிசையில் போனால், கடைசி ஆள் கிளம்பும்போது வேறு ராசி வந்துவிடும்.

“முற்றத்துல எல்லாரும் வரிசையா நிக்கலாம்ப்பா” என்றாள் துலாஞ்சலி. “வடக்கு வேலியைப் பிரிச்சுடுங்க. எல்லாருக்கும் ஒரே வாசல்.”

ஆகவே பதினெட்டு வருடம் முன்பு நான் என் கையால் போட்ட கம்பி வேலியை நானும் என் மகளும் பிரித்தோம். கம்பியைச் சுருட்டும்போது அவள் கையைப் பார்த்தேன். ஊசி பட்ட தழும்புகள். “சூளை வந்தா நீ இங்கேயே…” என்று தொடங்கினேன். “மொதல்ல மெனிக்கே அக்கா வரட்டும்” என்றாள். வேலி இருந்த கோட்டில் சுண்ணாம்புப் பொடியைத் தூவினோம். ஓட்டப் பந்தயக் கோடு மாதிரி இருந்தது. அன்று ராத்திரியே பக்கத்து வீட்டு மாடு உள்ளே வந்து குசுமாவதியின் கீரைப் பாத்தியைத் தின்றுவிட்டது. அதற்கும் நான்தான் காரணம்.

காலை ஐந்தரைக்கு மூன்று அண்டாவில் பாற்சோறு தயார். முற்றத்தில் நான், ரேடியோ, வெளிர்மஞ்சள் சட்டை. வேறு யாரும் இல்லை. ஆறு மணிக்கு ஒன்பது பேர். மொரிகாவா மாத்தயாவாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன். இப்படித்தான் தினமும் வாசலில் சாக்பீஸ் பெட்டியோடு நின்றிருப்பார். காத்திருக்கிறவனுக்கு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது பிந்தி வருகிறவனுக்குத் தெரிவதே இல்லை. நானோ இத்தனை நாளும் பிந்தி வருகிற பக்கமே நின்றிருக்கிறேன். ஆறு இருபதுக்கு இருபத்தெட்டு பேர். ஆறு முப்பத்தைந்துக்கு ரூபசிங்க தன் ஊரிலிருந்து ஒரு லாரியில் இருபத்தைந்து பேரை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

“என்னண்ணே இது, அக்கா கையில பாற்சோறு வாங்கித் திங்க லாரி வெச்சு வந்திருக்கோம்! தொட்டுக்கக் காரமா கட்டைச்சம்பல் எங்க?”

“இங்க இருக்கு, தின்னு, பேசாதே. மணியைப் பாரு.”

“மணியைப் பத்தி நீங்க பேசுறீங்களா!” என்றான். முற்றமே சிரித்தது. நானும்தான்.

ஆறு நாற்பத்தொன்றுக்கு அறுபது பேர். வெளிர்மஞ்சள் வாங்க முடியாதவர்கள் மஞ்சள் கைக்குட்டையாவது சட்டைப்பையில் செருகியிருந்தார்கள். எல்லோரும் சுண்ணாம்புக் கோட்டில், வடக்குப் பார்த்து. மெனிக்கே இல்லை. ஆறு நாற்பத்திரண்டு. அவள் வீட்டுத் திசையில் வயல்வரப்பைப் பார்த்தபடி நின்றேன். ஆறு நாற்பத்து மூன்றுக்கு வரப்பின் முனையில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. முழங்காலுக்குச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் செருப்பும் இன்னொரு கையில் சீப்புமாக ஓடி வந்தாள். குசுமாவதி ஒரு கவளம் பாற்சோற்றை அவள் வாயில் திணித்தாள்.

“இன்னும் அரை நிமிசம் கெடக்கு” என்றாள் மெனிக்கே வாயில் சோற்றோடு. “எதுக்கு இப்படி முழிக்கிறீங்க?”

பிறகு எல்லோரும் கோட்டை ஒட்டிக் காலை வைத்தார்கள். ரேடியோக்காரன் குரலைத் தணித்துக்கொண்டான். துலாஞ்சலி தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றாள். அவளும் வேலைக்குத்தானே போகிறாள். அவள் ஆறு ஐம்பத்தைந்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நேரம் சொன்னார்கள். அறுபத்திரண்டு வலது கால்கள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டின. ஒரே சத்தம். ஒரு பெரிய மிருகம் ஒரு அடி எடுத்து வைத்த மாதிரி. நாலா பக்கமும் பட்டாசு. நாங்கள் நேரே நடந்தோம். என் மகள் நூறு அடி எங்களோடு வந்து, பிறகு சந்திப்பக்கம் திரும்பினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சுபநேரத்தில் கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதனால் மட்டும்தான்.

ஆறு ஐம்பத்தைந்துக்குத் தொழிற்சாலை வாசல். கரும்பலகை கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. பக்கத்தில் நாற்காலி, நாற்காலிமேல் சாக்பீஸ் பெட்டி. மொரிகாவா மாத்தயா இல்லை.

மூன்று வருடத்தில் அவர் இல்லாத வாசலை நாங்கள் பார்த்ததில்லை. “ஒடம்பு சரியில்லையோ?” என்றான் ரூபசிங்க. “நேத்தே ஊருக்குப் போயிட்டாரோ?” என்றாள் ஒருத்தி. “நாம எப்படியும் ஐம்பது பேர் பிந்துவோம்னு, பாக்கச் சகிக்காம படுத்துட்டாரு” என்றாள் மெனிக்கே. நான் அவர் இடத்தில் போய் நின்றேன். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று தெரியாது, யாராவது எடுக்க வேண்டும் என்று பட்டது. ஏழு மணிக்குச் சைரன் ஊதியது. பலகையில் ஒரு எழுத்து இல்லை. உள்ளே போக வேண்டிய அறுபது பேரும் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெனிக்கே மட்டும் சேலையை இறக்கி விட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, நேராக நின்றாள்.

அப்போது மலைப்பாதை வளைவில் அவர் வந்தார். ஓட்டம் இல்லை, நடையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. வெளிர்மஞ்சள் சட்டை, பெட்டியில் மடித்திருந்த மடிப்பு கலையாமல், காலரில் கடைச் சீட்டு ஒட்டியபடி. முகம் முழுக்க வியர்வை. எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். பலகையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் முன்னால் வந்து கையை நீட்டினார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், சாக்பீஸை இரண்டு கையாலும் கொடுத்தேன்.

அவர் சிங்கள எழுத்தில், ஒவ்வொரு சுழியாகச் சுற்றி எழுதினார். ‘மொரிகாவா - 4’.

“ஆறு நாற்பத்து நான்குக்குப் புறப்பட்டேன்” என்றார் மூச்சு வாங்க. “என் வீட்டிலிருந்து இங்கே பத்தொன்பது நிமிட நடை. ஆனால் தொழிற்சாலை தெற்கில் இருக்கிறது. ஆகவே வடக்கு நோக்கி இறங்கி, வீட்டைச் சுற்றி வந்தேன். அதற்கு ஒரு நிமிடம்.”

“மாத்தயா, நீங்க எதுக்கு…”

“ஐம்பது பெயர் இருக்கும் என்று கணக்கிட்டேன். ஐம்பத்தொன்றாவதாக என் பெயரும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.” மறுபடி பலகையைப் பார்த்தார். அவருக்குப் பாடப்புத்தகத்தில் சொல் கிடைக்கவில்லை. “எப்படி?” என்றார்.

“மாத்தயா கையெழுத்து லயனல் அண்ணன் கையெழுத்தவிட மோசம்” என்று பின்னாலிருந்து மெனிக்கே சொன்னாள். “பழக்கம் பத்தாது.”

நான் அழிப்பானை எடுத்தேன். நாலு நிமிடம், அதுவும் அவர், அதுவும் எங்களுக்காக, துடைத்துவிட்டால் பூஜ்ஜியம். அவர் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கித் தன் புதுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மஞ்சள் துணியில் வெள்ளைப் பொடி படிந்தது. அலுவலக ஜன்னல் வழியே மேசைமேல் ஒரு தாளும், அதன்மேல் மூடி திறக்காத பேனாவும் தெரிந்தன. காலி மனையில் அந்த ஆடு தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.

வாசலுக்கு வெளியே ஹாரன் கேட்டது. ஆறு ஐம்பத்தைந்துக்குச் சந்தியில் கிளம்பியிருக்க வேண்டிய கொழும்பு பஸ், ஏழு பத்துக்கு, எந்த வெட்கமும் இல்லாமல் எங்கள் வாசலைத் தாண்டியது. மூன்றாவது ஜன்னலில் துலாஞ்சலி. எங்களைப் பார்த்ததும் பாதி உடம்பை வெளியே நீட்டி, இரண்டு கையாலும் காற்றில் ஒரு வட்டம் போட்டு, புருவத்தைத் தூக்கி, பூஜ்ஜியமா என்று கேட்டாள். நான் பதில் சொல்லக் கையை உயர்த்தினேன். பக்கத்தில் மொரிகாவா மாத்தயாவும், சாக்பீஸ் பிடித்த கையால், நான்கு விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.